ஊஞ்சலை எழுதுவது எப்படி?

அயர்லாந்து ஃபிடில் கலைஞர் ஒருவர் ஹார்ன்பைப் மெட்டு வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? சுரங்கள் ஒரே சீராக வராது. ஒன்று நீளும், அடுத்தது குறுகும். தாஅ-த, தாஅ-த என்று ஊஞ்சலாடியபடியே மெட்டு நகரும். இதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். அவரே அடுத்து ரீல் என்ற வகை மெட்டை எடுத்தால் ஆட்டம் அடங்கி, சுரங்கள் ஏறக்குறைய சம அளவில் ஓடும். இரண்டையும் பொதுவாக 4/4 தாளத்தில்தான் எழுதுகிறார்கள். அப்படியானால் ஊஞ்சலை எழுத்தில் எப்படிக் காட்டுவது?

பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் வால்ஷா, நாட்டுப்புற மெட்டுகளை வெறும் ஆங்கில எழுத்துகளால் குறித்து வைத்தார். அந்தப் பழக்கத்தில் முளைத்ததுதான் ஏபிசி குறிமுறை. 1993 வாக்கில், அந்த எழுத்துகளை ஐந்து கோட்டு இசைத்தாளாக அச்சிட உதவும் நிரலும் அவர் கையில் தயாராகியிருந்தது. தட்டச்சுப் பலகையில் இருக்கும் எழுத்துகளே இங்கே சுரங்கள். ச ரி க ம எழுதி, நீட்டலுக்குக் காற்புள்ளி வைக்கும் நம் சுரப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

ஊஞ்சலுக்கு இதில் ஒரே ஒரு குறி: >. 'ஜி>ஏ' என்று எழுதினால் முதல் சுரம் ஒன்றரை மடங்காகும், அடுத்தது பாதியாகும். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே மெட்டுகளில் குறில் முந்தி நெடில் பிந்தி வருவதும் உண்டு. அதற்குக் குறியை < என்று திருப்பிப் போட்டால் போதும். என்ன ஒரு சிக்கனம்!

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி வினாடி. சமமாக வாசித்தால் 250, 250. > குறியின் விதிப்படி 3:1, அதாவது 375, 125. ஹார்ன்பைப்பில் காதில் விழுவதோ பெரும்பாலும் 2:1-ஐ ஒட்டியது: 333, 167. வித்தியாசம் வெறும் 42 மில்லி வினாடி. கண் இமைப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆனாலும் காது ஏமாறாது. 3:1 விறைப்பாக ஒலிக்கும், 2:1 துள்ளும். நம் கணக்கில் சொன்னால், குறி ஓர் அடியை நான்காக்கும் சதுஸ்ரத்தில் நிற்கிறது. ஆடுபவரின் கால் மூன்றாக்கும் திஸ்ரத்தில் போகிறது.

அந்த 2:1-உம் நிலையானதல்ல. ஜாஸ் டிரம்மர்களின் சிம்பல் வாசிப்பை அளந்து ஃப்ரிபெர்க், சுன்ட்ஸ்ட்ரோம் ஆகிய இருவர் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மெதுவான வேகத்தில் 3.5:1 வரை இருந்த விகிதம், வேகம் ஏற ஏறச் சுருங்கி 1:1-ஐ நெருங்கியது.

அதனால்தான் பலர் > குறியையே விட்டுவிடுகிறார்கள். சுரங்களைச் சமமாக எழுதி, மேலே 'ஆர்:' என்ற வரியில் மெட்டின் வகை ஹார்ன்பைப் என்று மட்டும் குறிக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வரிக்கு வரி > தூவினால் படிக்கவும் கடினம், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதும் ஆகும். வகையின் பெயரைப் பார்த்ததுமே மரபு தெரிந்த கை தானாக ஆடும். மரபு தெரியாதவர்கள் முதலில் ஒரு நல்ல ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு எழுத்துக்கு வரட்டும்.

ஏபிசி எழுத்தை ஒலியாக்கும் ஏபிசி2மிடி என்ற நிரலும் காதின் பக்கம்தான் நிற்கிறது. > குறியைக் கண்டால் அது இயல்பாக வாசிப்பது 2:1. விதிப்படி 3:1 வேண்டுமென்றால் அதைத் தனியாக ஒரு வரியில் எழுதிக் கேட்க வேண்டும்.