தொட்டியில் மருந்து... தட்டில் கொசுவா?

தாம்பரம், சேலையூர் அபார்ட்மென்ட் பால்கனியிலும் வருஷம் முழுக்கப் பசுமை பார்க்கலாம், தெரியுமோ? துளசி, தூதுவளை, கற்பூரவல்லி என மூன்று தொட்டி போதும். கண்ணுக்கும் அழகு, சளி இருமலுக்குக் கைமருந்தும் ஆச்சு!

செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் சம அளவு. கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். துளசிக் கதிரைக் கிள்ளிவிட்டால் அடர்ந்து தழைக்கும். சித்திரை வெயிலில் மதியம் நிழல் கொடுங்கள். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும்.

முக்கியமான விஷயம், தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதில் தேங்கும் தண்ணீரே போதும். பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தட்டு காய்ந்தாலும் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே கொட்டினால் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிற்காமல், ரத்தப் பரிசோதனையும் அவசியம்!