அடுப்பு பத்தலையா? மூக்கைக் கேளுங்க!

காலை ஐந்தே முக்கால். டிகாக்ஷன் இறங்கித் தயார். பால் பாத்திரம் அடுப்பு மேலே. லைட்டரை 'டிக்... டிக்... டிக்...' என்று அழுத்துகிறார் மருமகள். ஊஹூம்!

"ஏம்மா, காபி வருமா?" - ஹாலிலிருந்து மாமனார்.

"அடுப்பே பத்தலை மாமா!"

"அதுக்குள்ள தீர்ந்துடுச்சா? இப்பல்லாம் சிலிண்டரை எங்கேம்மா ஒழுங்கா நிரப்பறான்?"

அவ்வளவுதான். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்தாகிவிட்டது. பல வீடுகளில் இந்த வழக்கில் சிலிண்டர் நிரபராதி! உண்மைக் குற்றவாளி பர்னரிலோ, டியூபிலோ, லைட்டரிலோ ஒளிந்திருப்பார்.

அவரைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு முக்கிய சமாசாரம். நாபைத் திறந்து இரண்டு மூன்று முறை லைட்டரைத் தட்டியும் பற்றவில்லையா? உடனே நாபை மூடிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில நிமிஷம் கழித்து, வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் அடுத்த முயற்சி. "இதோ பத்திக்கும், இதோ பத்திக்கும்" என்று திறந்த நாபோடு மல்லுக்கட்டினால், கடைசியில் பற்றும்போது அடுப்பு மட்டும் பற்றாது!

காரணம் இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி இறங்கி, மேடைக்கு அடியிலும் தரையிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே போதும், ஒரு பொறியில் 'குப்' என்று பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம் தெரியுமோ? இந்த கேஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே, எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் சமாசாரத்தைக் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆக, உங்கள் மூக்குதான் வீட்டோடு இருக்கும் முதல் மெக்கானிக். சளி பிடித்தவர் மூக்கையும், வயதானவர்கள் மூக்கையும் மட்டும் ரொம்ப நம்பவேண்டாம்!

சரி, மூக்கு என்ன சொல்கிறது?

வாசனை வருது... ஆனா பத்தலை!

கேஸ் வருகிறது. பொறியில் கோளாறு, அல்லது பர்னரில். லைட்டருக்குப் பதில் தீக்குச்சி கிழித்துப் பாருங்கள். (முதலில் குச்சி, பிறகு நாப். வரிசை மாறக்கூடாது!) பற்றிக்கொண்டால் லைட்டருக்கு ஓய்வு கொடுங்கள். ஆட்டோ இக்னிஷன் அடுப்பென்றால், பொறி வரும் முனையில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருக்கலாம். துணியால் துடையுங்கள். சில மாடல்களில் அடியில் பாட்டரி இருக்கும். அதுவும் ஆயுசு முடிந்து போயிருக்கலாம்.

பக்கத்து பர்னர் ஜோராக எரிந்து, இது மட்டும் அடம் பிடிக்கிறதா? நேற்றுப் பொங்கிய பால்தான் சதிகாரர். பர்னர் மூடியை, சூடு ஆறிய பிறகு எடுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுபடி முதலிலிருந்து 'டிக் டிக்'தான். உள்ளே இருக்கும் ஜெட் துளையை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிசானால் கேஸ் அளவுக்கு மீறி வரும். அது மெக்கானிக் வேலை.

வாசனையே வரலை!

ரெகுலேட்டர் ஸ்விட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா? (சிரிக்காதீர்கள். ராத்திரி பொறுப்பாக யாராவது மூடியிருப்பார்கள்!) டியூப் எங்காவது மடிந்தோ, சிலிண்டருக்கு அடியில் நசுங்கியோ இருக்கிறதா? அப்படியே டியூபில் அச்சிட்டிருக்கும் வருஷத்தையும் பார்த்துவிடுங்கள். சுரக்ஷா டியூபுக்கே ஐந்து வருஷம்தான் கணக்கு.

எல்லாம் சரியென்றால்தான் சிலிண்டர் மேல் சந்தேகப்படலாம். ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடையுங்கள். உள்ளே திரவம் இருக்கும் மட்டத்துக்கு ஈரம் மெதுவாகக் காயும். மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். புதுச் சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்ந்தால் கணக்கு சரி.

"கொஞ்சம் சாய்ச்சு வெச்சா இன்னும் ரெண்டு நாள் ஓடும்" என்று ஒரு பரம்பரை வைத்தியம் உண்டு. வேண்டவே வேண்டாம்! சிலிண்டர் நிமிர்ந்து நின்றால் மேலே இருக்கும் ஆவி மட்டும் வெளியே வரும். படுக்க வைத்தால் திரவமே டியூபுக்குள் இறங்கிவிடும். அந்தத் திரவம் ஆவியாகும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரியும். ரெண்டு நாள் சமையலை மிச்சம் பிடிக்க வீட்டைப் பணயம் வைக்கலாமா? வெந்நீர் ஊற்றிச் சூடு பண்ணுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

எல்லாம் மூடியிருக்கு... ஆனா வாசனை வருது!

இங்கே தமாஷுக்கு இடமில்லை. லைட்டர், தீப்பெட்டி, சாமி விளக்கு எதுவும் கூடாது. மின்சார ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடுவதும் ஆபத்து, அணைப்பதும் ஆபத்து. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே சட்டம்தான். கதவு, ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, முடிந்தால் கழற்றி, சிலிண்டர் வாயில் அந்த பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். (நூலோடு தொங்குமே, அதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள்!) வாசனை பலமாக இருந்தால் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். போன் பண்ணுவதும் வெளியே வந்த பிறகுதான்.

நம்பர் 1906. கேஸ் கசிவுக்காகவே 2016-ல் தொடங்கிய அவசர உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். ஏதோ சரித்திரப் பாடத்து வருஷம் என்று மறந்துவிடாதீர்கள். காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே பெரிசாக எழுதி வையுங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கும், ஸ்கூல் விட்டு வந்து தானே நூடுல்ஸ் கிளறும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். கசிவு வரும் நேரத்தில் அடுப்படியில் நிற்கப்போவது நீங்களாகவே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லையே!