தண்டம் யார் தலையில்?

பாக்கி வைத்தவர் ஒருவர். கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவர் இன்னொருவர். இப்படியும் நடக்குமா என்று கேட்கிறீர்களா, தோழர்களே? நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

2008-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ரெனோ–நிசான் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் கம்பெனி மோட்டார் கார்த் தொழிற்சாலை கட்டும். சர்க்கார் வரிச் சலுகை முதலிய ஊக்கத்தொகைகளைத் தரும். 2010-ல் தொழிற்சாலை ஓடத் தொடங்கிற்று. சொன்ன தொகை முழுவதும் வரவில்லை என்றது நிசான். சென்னைக் கோட்டையின் கதவைத் தட்டிப் பார்த்தது. 2016-ல் பிரதமருக்கே வக்கீல் நோட்டீஸ் போயிற்று. 2017-ல், ஜப்பானோடு டில்லி செய்து கொண்டு 2011-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தைக் காட்டி, சர்வதேச நடுவர் மன்றத்தில் இந்திய நாட்டின் மீதே வழக்குத் தொடுத்தது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கும் மேல்! 2020-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வாக்குக் கொடுத்தது சென்னை. ஜப்பானோடு கையெழுத்திட்டது டில்லி. தண்டம் விழுந்திருந்தால் யார் கட்டியிருப்பார்கள்? நம் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். வெளிநாட்டு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலங்களின் அதிகாரத்தில் புகுந்தும் பார்லிமெண்டு சட்டம் செய்யலாம் என்கிறது 253-வது விதி. ஒப்பந்தத்தை மீறியதற்கு விழும் தண்டத்தை யார் எவ்வளவு கட்டுவது என்பதற்கு மட்டும் அங்கே ஒரு வரிகூடக் கிடையாது!

ஜெர்மனியைப் பாருங்கள். அதுவும் மாநிலங்கள் சேர்ந்த நாடுதான். ஐரோப்பிய யூனியனின் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நாடு. 2006-ல் அவர்கள் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எவர் பொறுப்பில் உள்ள காரியத்தில் தவறு நடந்ததோ, அவர் கட்ட வேண்டும் என்பது பொது விதி. யூனியன் கொடுத்த பணத்தைச் செலவழித்ததில் பல மாநிலங்களைத் தொட்ட தவறு என்றால் நூற்றுக்கு 15 பங்கு மத்திய சர்க்கார், 85 பங்கு மாநிலங்கள். அந்த 85-லும் 35-ஐ எல்லா மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும். 50-ஐ அந்தச் சுமைக்குக் காரணமான மாநிலங்கள், பெற்ற பணத்தின் அளவுக்கு ஏற்ப ஏற்கும். மாநிலத்தின் தலையில் இவ்வளவு ஏற்றுகிறார்களே, அநியாயமல்லவா என்று கேட்கலாம். ஆனால் அங்கே ஐரோப்பிய விவகாரங்களில் மாநிலங்களுக்கும் வாய் உண்டு. அவற்றின் மேல்சபையைக் கேட்டாக வேண்டும் என்பதும் சட்டம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. சுமை மட்டும் வந்தால் அதற்குப் பெயர் பொறுப்பு அல்ல, கப்பம்.

சுருளிப்பட்டித் தோழர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது: "கார்க் கம்பெனி வழக்குக்கும் எங்கள் திராட்சைப் பந்தலுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. 1886 ஒப்பந்தப்படி 999 ஆண்டுக்கு நமக்குக் குத்தகையானது முல்லைப் பெரியாற்று நீர். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல் 14,707 ஏக்கரும் அதை நம்பித்தான். 1979-ல் அணையின் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்த பிறகு, 2006 பிப்ரவரி 27-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. மார்ச் மாதமே கேரள சட்டசபை கூடி, 136 அடிதான் என்று சட்டம் போட்டது! நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு சட்டசபை ஒரே மாதத்தில் தள்ளி வைத்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தது 2014 மே 7-ல். எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டும் ஆறு அடித் தண்ணீர் தேங்கவில்லை. தண்டம் எவ்வளவு தெரியுமா? ஒரு சல்லிக் காசு இல்லை.

கேரளத்துத் தொழிலாளி மீது நமக்குக் கோபமில்லை. அணைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த அச்சத்தையும் கேட்டுத்தான் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குமுளி வழியும் கம்பம்மெட்டு வழியும் விடியுமுன்னே ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் பெண்கள்தாம். நாம் கேட்பது சர்க்காரை.

ஐரோப்பாவில் போலந்து நாட்டின் டூருவ் நிலக்கரிச் சுரங்கத்தால் எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் வற்றுகிறது என்று அண்டை நாடான செக் குடியரசு வழக்குப் போட்டது. சுரங்க வேலையை நிறுத்து என்ற இடைக்கால உத்தரவைப் போலந்து மதிக்கவில்லை. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் நாளொன்றுக்கு 5 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. கட்ட மாட்டோம் என்றது போலந்து. யூனியன் என்ன செய்தது? போலந்துக்குத் தர வேண்டிய பணத்திலேயே பிடித்துக்கொண்டது! 2022 பிப்ரவரியில் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. செக் நாட்டுக்கு நஷ்டஈடும் கிடைத்தது.

தனித்தனிக் கொடி பறக்கும் இரு நாடுகளுக்கிடையே தண்ணீருக்கு நாள் கணக்கில் தண்டம் உண்டு. ஒரே கொடியின் கீழ் உள்ள இரண்டு மாநிலங்களுக்கிடையே இல்லை! மூலதனம் போட்ட ஜப்பான் கம்பெனிக்குக் கதவு தட்ட ஒரு சர்வதேச மன்றம் உண்டு. வியர்வை போட்ட கம்பத்து விவசாயி எட்டு ஆண்டு காத்திருந்து, வெறும் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

சென்னை பாக்கி வைத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கை முதலாளிக்குக் கொடுக்கவும் கூடாது. ஆனால் நாளைக்கு இப்படி ஒரு தண்டம் விழுந்து, அதை நம் வரிப் பங்கில் பிடித்தால் குறையப் போவது மந்திரியின் சம்பளம் அல்ல. கண்மாய் மராமத்தும் பள்ளிக்கூடக் கட்டடமும்தான்.

ஆகவே கேட்கிறோம். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதன் சுமை எந்த மாநிலத்தின் மீது விழுமோ அந்த மாநிலத்தை டில்லி கேட்கட்டும்; தண்டத்தின் பங்கு இன்னது என்று சட்டத்தில் எழுதட்டும். அதே சட்டத்தில் இன்னொரு விதியும் வேண்டும்: ஆற்று நீர்த் தீர்ப்பை மீறும் மாநிலம், மீறிய ஒவ்வொரு நாளுக்கும் பாசன விவசாயிக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும். மீறுவது கேரளமானாலும் கர்நாடகமானாலும் சரி, தமிழ்நாடே ஆனாலும் சரி.