வௌவால் எந்த இனம்?

தொன்மையான ஆலயங்களின் இருண்ட மண்டபங்களில் வலம் வருகையில், தலைக்கு மேலே சிறகடிக்கும் ஓசை கேட்டு, "அது பறவையா, விலங்கா?" என்று குழந்தைகள் வினவுவதுண்டு. "பறக்கிறதே, பறவைதான்" என்று சொல்லிவிட்டு நாமும் சந்நிதி நோக்கி நடந்துவிடுகிறோம். அந்த விடை பிழையானது.

உயிர்களை வகுக்கும் முறை, நாம் எதனை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. தொல்காப்பியத்தின் மரபியல், அறிவை அளவுகோலாகக் கொண்டது. தொடுவுணர்வு ஒன்றே உடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர்கள், எறும்பு மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நாலறிவுயிர்கள், விலங்குகள் ஐயறிவு உடையன, மனமும் வாய்த்த மாந்தர் ஆறறிவினர்.

சமய நூல்களோ பிறக்கும் முறையைக் கொண்டு, முட்டையில் தோன்றுவன, வியர்வையில் தோன்றுவன, வித்து வேர்களில் தோன்றுவன, கருப்பையில் தோன்றுவன என நால்வகைத் தோற்றம் கூறும். இவற்றுள் வியர்வையிலிருந்து உயிர் தோன்றும் என்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஈக்கள் அண்டாதவாறு மூடிவைத்த இறைச்சியில் புழுக்கள் தோன்றுவதில்லை என்பதை, இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668-ஆம் ஆண்டிலேயே சோதனையால் விளக்கினார்.

இக்கால விலங்கியலின் அளவுகோல் உடலமைப்பும் மரபுவழி உறவுமாகும். முதுகெலும்பு உடையவை, இல்லாதவை என்பது அதன் எளிய பெரும் பகுப்பு. முதுகெலும்பு உடையவற்றை மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என ஐந்தாகக் கூறுவது வழக்கம். நத்தை, மண்புழு, சிலந்தி, எறும்பு முதலான முதுகெலும்பற்றவையே விலங்கினங்களுள் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1735-இல் வெளியிட்ட நூலில் திமிங்கலத்தை மீன்களோடு சேர்த்திருந்தார். 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைப் பாலூட்டிகளுள் வைத்தார். நீரில் நீந்துவதைவிட, குட்டிக்குப் பால் கொடுப்பதே அதன் இனத்தைக் காட்டும் அடையாளம் என்று கொண்டார்.

வௌவாலின் நிலையும் அதுவே. அதற்கு இறகுகள் இல்லை. நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோலே அதன் சிறகு. அது முட்டையிடுவதில்லை, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈன்று, பாலூட்டி வளர்க்கிறது. நால்வகைத் தோற்றத்திலும் அதன் இடம் கருப்பைப் பிறப்பே. பழைய பகுப்பும் புதிய பகுப்பும் இங்கே ஒன்றுபடுகின்றன.

அடுத்த முறை குழந்தை கேட்டால், "பசுவைப் போல, உன் அன்னையைப் போல, அதுவும் பாலூட்டும் தாய்" என்று சொல்லுங்கள். பின்னர் அக்குழந்தையின் கை அதன்மீது கல்லெறிய ஓங்காது.