மலை ஓடை மீனுக்கு வீட்டில் தொட்டி: ஆசைப்படும் முன் அறிந்துகொள்வோம்



ஒரு கோடை விடுமுறையில் என் மகன் மலையடிவார ஓடையில் இருந்து நாலு குட்டி மீன்களைப் பாட்டிலில் கொண்டு வந்தான். கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்த மீன்களாம். கண்ணாடி ஜாடியில் நல்ல தண்ணி ஊற்றி, சோற்றுப் பருக்கையும் போட்டோம். காலையில் பார்த்தால் நாலும் செத்துக் கிடந்தன. பையன் அன்று பூராவும் சாப்பிடவில்லை. தண்ணியும் இருந்தது, தீனியும் இருந்தது. பிறகு ஏன் செத்தன?

நம்ம சாணார்பட்டி பக்கத்துக் குழுக்களில், "கலர் மீன் வளர்த்து விற்கலாமா? அதற்குக் கடன் கிடைக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதற்கான பதில் உதவும்.

இது என்ன மீன்?

நாம் குழம்பு வைக்கும் அயிரைக்கு இது தூரத்துச் சொந்தம். விரல் நீளம்தான் இருக்கும். அடிவயிறு தட்டை. பக்கத் துடுப்புகள் விசிறி மாதிரி விரிந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஓடைத் தண்ணி எவ்வளவு வேகமாக வந்தாலும் இதை அடித்துக்கொண்டு போகாது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஒரு வகைக்கு பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்று பெயர். 1849-ல் ஜெர்டன் என்ற ஆங்கிலேயர், வாளையார் பகுதியில் கிடைத்த மீனை வைத்து இதை முதலில் எழுதினார். மலை ஓடை மீன்களின் உடம்பு ஓட்டத்துக்கு ஏற்றபடி எப்படி அமைந்திருக்கிறது என்று 1920, 30-களில் நம் நாட்டு விஞ்ஞானி சுந்தர் லால் ஹோரா ஆராய்ந்தார். கடைகளில் விற்பவை பெரும்பாலும் சீனா, வியட்நாம் பக்கத்து வகைகள்.

ஏன் செத்தது?

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணியில் கரைந்திருக்கும் பிராணவாயுதான் அதற்கு மூச்சு. 20 டிகிரி குளிர்ச்சியில் ஒரு லிட்டர் தண்ணியில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரி ஆனால் ஏழரைதான். மலை ஓடையில் தண்ணி குளிர்ச்சி. கல்லில் மோதி மோதிக் காற்றும் கலக்கும். நம்ம வீட்டு ஜாடியிலோ தண்ணி சூடு, அசைவும் இல்லை. அதில் மூச்சு முட்டித்தான் செத்திருக்கும்.

வளர்க்க என்ன வேண்டும்?

1. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. இதில் சுமார் 85 லிட்டர் பிடிக்கும். வெயில் நேராகப் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

2. தண்ணியைச் சுற்றிவிடும் மோட்டார். மணிக்கு 850 லிட்டராவது தள்ள வேண்டும். காற்றுக் குமிழி மோட்டாரும் சேர்த்து வைத்தால் நல்லது.

3. அடியில் மணலும் வழுவழுப்பான கூழாங்கல்லும். சில கற்களைத் தனியே ஒரு வாளித் தண்ணியில் போட்டு வெயிலில் வைத்தால் பாசி பிடிக்கும். அந்தப் பாசிதான் மீனுக்கு முக்கியத் தீனி. பாசி தீர்ந்தால் கல்லை மாற்றி வையுங்கள்.

4. தண்ணி 20 முதல் 24 டிகிரி. மண்பானைத் தண்ணி ஆவியாகிக் குளிர்வது போல, தொட்டியின் மேல் ஃபேன் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மே மாதத்தில் நம் ஊருக்கு இது மட்டும் போதாது.

5. வாயில் கரிக்கும் தண்ணி வேண்டாம். குளோரின் போட்ட குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

6. தொட்டி வைத்தவுடனே மீனை விடாதீர்கள். மோட்டாரை 4 முதல் 6 வாரம் ஓடவிடுங்கள். மீன் கழிவை மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் வளர அவ்வளவு நாள் ஆகும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணியை மாற்றுங்கள்.

7. மேலே மூடி அவசியம். கண்ணாடியில் ஏறி வெளியே வந்துவிடும்.

செலவும் ஆபத்தும்

20 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் மாதம் சுமார் 15 யூனிட். அது பெரிய செலவில்லை. கரண்டு போனால்தான் ஆபத்து. சில மணி நேரம் மோட்டார் நின்றாலே இந்த மீனுக்கு மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று கையில் இருக்கட்டும்.

குழுக் கடன் வாங்கித் தொழில் செய்யலாமா?

நம் சமவெளிச் சூட்டில் இந்த மீனை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஒரு கோடையில் முதல் போய்விடும், தவணை நிற்காது. கப்பி, மோலி போன்றவை சூடு தாங்கும், குட்டி போடும். முதலில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் அவற்றை வளர்த்துக் கைப்பழக்கம் ஆகட்டும். யார் வாங்குவார்கள், என்ன விலை என்று விசாரித்த பிறகு கடனைப் பற்றிப் பேசலாம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் வண்ண மீன் வளர்க்கும் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள். இப்போது என்ன உதவி உண்டு என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. காப்புக் காட்டு ஓடையில் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது குற்றம். ஆளாளுக்கு நாலு மீன் எடுத்தால் ஓடையில் என்ன மிஞ்சும்? இதை என் மகனுக்கும் சொன்னேன். இப்போது ஓடைக்குப் போனால் கல்லைப் புரட்டாமல் பார்த்துவிட்டு வருகிறான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.