உஷார்! வங்கக் கடல் புயல் இமயத்திலும் ஆளை விழுங்கும்

வங்கக் கடலில் புயல் சின்னம் என்றதும் நம் கண் கடலூரையும் நாகப்பட்டினத்தையும்தான் தேடும். அக்டோபரில் இமயமலை டிரெக்கிங்குக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அந்தப் புயல் உங்களுக்கும்தான்!

2014 அக்டோபர் 12-ல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. மலையேற ஆண்டிலேயே நல்ல மாதம் என்று ஊரே கிளம்பிப் போயிருந்த நேரம். 5,416 மீட்டர் உயரத்தில் தோரோங் லா கணவாயைத் தாண்டிக்கொண்டிருந்தவர்கள் பனிப்புயலில் மாட்டினார்கள். பனிச்சரிவுகளும் சேர்ந்துகொள்ள, குறைந்தது 43 பேர் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமல்ல, மலையிலேயே பிறந்து வளர்ந்த கைடுகளும் யாக் மேய்ப்பவர்களும் தப்பவில்லை.

பனிக்காலத் தொடக்கம்தானே, பனி குறைவாகத்தானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆபத்தே அங்கேதான்! முதலில் விழுந்த மெல்லிய பனி, குளிர்ந்த தெளிந்த இரவுகளில் சர்க்கரை போல் பொலபொலத்துவிடும். அதன்மேல் புதுப்பனி பலகையாகப் படியும். சரிவில் சர்க்கரையைக் கொட்டி, மேலே கனத்த பலகையை வைத்தால் நிற்குமா? உங்கள் ஒரு காலடி போதும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலானோர் மீது விழுவது, அவர்களோ உடன் வந்தவர்களோ கிளப்பிவிட்ட பனிதான்.

அனுபவம் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. 2022 அக்டோபர் 4-ல் உத்தரகாசி அருகே திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் 29 உயிர்கள் போயின. மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும்! அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர்.

பனி கொட்டி ஓய்ந்து வானம் நீலமாகத் தெளிந்ததும் கால் பரபரக்கும். கிளம்பாதீர்கள். முதல் ஒன்றிரண்டு நாட்கள்தான் மிகவும் பொல்லாதவை. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கும். வீட்டு மாடிப்படியின் சாய்வு, அல்லது அதைவிடச் சற்றுச் செங்குத்து. அப்படிப்பட்ட சரிவின் அடியில் கூடாரம் போட வேண்டாம், நின்று போட்டோவும் வேண்டாம். கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராக, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கடக்க வேண்டும். காலடியில் 'தொம்' என்று பனி உள்வாங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ, வந்த தடத்திலேயே திரும்புங்கள். சிகரம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் பணம் கட்டுமுன் டிரெக்கிங் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: பனிச்சரிவுப் பகுதிக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனியைக் குத்தித் தேடும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்குமா? பயன்படுத்தக் கற்றுத்தருவீர்களா? புயல் வந்தால் பயணத்தை நிறுத்துவீர்களா? மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.