பாறைமேல் நிற்கும் பெரிய கண்கிளேடி

ரங்கனதிட்டுக்குப் போகிறவர்கள் மரங்களைத்தான் பார்க்கிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டியிருக்கும்போது கண் வேறெங்கே போகும்? ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே காவிரியின் நடுவே கிடக்கும் இந்தத் தீவுகள், பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940இல் சரணாலயமாயின. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றன. ஆனால் இங்கே நான் முதலில் தேடச் சொல்லும் பறவை மரத்தில் இல்லை. கீழே, ஆற்றுப் பாறைமேல் நிற்கிறது. பெரிய கண்கிளேடி.

ஆள்காட்டிக்கும் உள்ளானுக்கும் உறவான கரைப்பறவை இது. அரை மீட்டர் நீளம் இருந்தும் எளிதில் அகப்படாது. மணலும் சாம்பலும் கலந்த முதுகு பாறையின் நிறத்தோடு ஒன்றிவிடுகிறது. பகலில் பெரும்பாலும் அசைவதும் இல்லை. அசைவைத் தேடிப் பழகிய கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் அசைவை விட்டுவிட்டு முகத்தைத் தேட வேண்டும். தொலைநோக்கியைப் பாறை விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள், அவற்றின் நடுவே பெரிய மஞ்சள் கண், பருத்த அலகு மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அதுதான்.

அந்த அலகை நின்று பார்க்க வேண்டும். அடியில் மஞ்சள், மற்றபடி கறுப்பு. சற்றே மேல்நோக்கி வளைந்தது. நண்டின் ஓட்டை உடைக்க அந்தக் கனம் வேண்டும். இரை தேடுவது பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும். அவ்வளவு பெரிய கண் அதற்காகத்தான். வறண்ட புதர்க்காட்டில் நாம் பார்க்கும் சாதாரணக் கண்கிளேடிக்கு அலகு சிறியது, உடம்பெல்லாம் கோடுகள். இதன் முதுகிலோ கோடே இல்லை.

கூடு என்று எதுவும் கட்டாது. கோடையில் நீர் வடிந்த மணலிலோ பாறையிலோ வெறுந்தரையில் இரண்டு முட்டை இடும். ஆற்று மணலை அள்ளுவதும், மேலே அணையில் திடீரெனத் தண்ணீர் திறப்பதும், கரையில் திரியும் நாய்களும் இப்பறவையை நேராகத் தாக்குவது அதனால்தான். உலக அளவில் இது அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகக் கணக்கிடப்படுகிறது. படகு நெருங்கும்போது அது கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி விரைந்து நடந்தால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கக்கூடும். படம் எடுக்க நிற்காமல், படகை விலக்கச் சொல்லுங்கள்.